தொப்பூர் மேட்டில் திணறிய வண்டி

சேலத்திலிருந்து ஒரு டன் பக்கம் ஜவ்வரிசி மூட்டை. கிருஷ்ணகிரியில் உறவுக்காரர் கடையில் அதை இறக்கிவிட்டு, சந்தூருக்குப் போய் மாங்கன்று ஏற்றிக்கொண்டு ராத்திரிக்குள் திரும்ப வேண்டும். இதுதான் திட்டம். வண்டி மாமாவுடையது. 2005 மாடல் பிக்கப், சென்சார், கம்ப்யூட்டர் என்று எதுவும் இல்லாத பழைய டீசல் இன்ஜின். ஓட்டுவதும் மாமாதான். நான் கூடப் போனது மாங்கன்றுக்காக.

ஓமலூர் தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. தொப்பூர் மேடு ஆரம்பித்ததும் வண்டி ஒரு மாதிரி முக்கியது. மாமா ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், ஒரு நொடி ஒன்றுமே இல்லை, அப்புறம் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி ஒரு ஜெர்க். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வந்தோம். லாரிகளே எங்களைத் தாண்டிப் போயின.

"டீசல் சரியில்ல மாப்ளை" என்றார் மாமா.

இது எனக்குப் பழகிய பாட்டு. அவருக்கு ராசியான பங்க் ஒன்று உண்டு. அங்கே டேங்க் நிரப்பினால் இரண்டு நாள் வண்டி குதிரை மாதிரி ஓடும், வேறு எங்கே ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் போட்டாலும் திணறும் என்பது அவர் கண்ட உண்மை. இந்த முறை முள் கால் டேங்கில் நின்றது. அதுவும் அந்த பங்க் டீசல் இல்லை.

மேட்டில் ஓரங்கட்டினோம். பக்கத்தில் நின்ற லாரிக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பம்ப் போயிடுச்சுண்ணே, செலவு வெச்சுக்கோங்க" என்றார். டீ விற்றுக்கொண்டிருந்தவருக்கு இன்ஜெக்டர் மேல் சந்தேகம். ஒருவர் மட்டும் உருப்படியாக, டேங்க் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னார். மூடியில் காற்றோட்டத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது, திறந்ததும் 'புஸ்' என்று காற்றை இழுக்கும். திறந்தோம். சத்தமே இல்லை. மூடிவிட்டுக் கிளம்பினோம்.

அதியமான்கோட்டை வரும்போது தேய்பிறை அஷ்டமிக் கூட்டம். காலபைரவர் கோயிலுக்குச் சாம்பல் பூசணியோடு வந்தவர்களின் வண்டிகள் ரோடு ஓரம் வரை நின்றன. அந்த நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்தபோது வண்டி இரண்டு தடவை நின்றே போனது. அதைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை மெக்கானிக்கிடம் ஒதுங்கினோம். ஐம்பது வயதிருக்கும், கையில் பாதி சாப்பிட்ட போண்டா.

அவர் பானட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான்.

"மேட்டுல மட்டுமா, சமதரையிலயுமாண்ணே?"

"மேட்டுலதான் தம்பி ஜாஸ்தி."

"புகை என்ன கலரு?"

மாமா என்னைப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தது நான்தான். லேசாக வெள்ளை என்றேன்.

"கருப்பு இல்லல்ல? அப்ப ஏர் ஃபில்டரை விடுங்க." காற்று போதாமல் திணறினால் டீசல் முழுசாக எரியாமல் கரும்புகை தள்ளும். இங்கே கதை வேறு. அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேங்க் ஃபுல்லா இருந்தா நல்லா ஓடுமே?"

மாமா உற்சாகமாகத் தன் ராசி பங்க் கதையை எடுத்துவிட்டார். மெக்கானிக் போண்டாவை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீடு பம்பிலிருந்து டீசல் ஃபில்டருக்குப் போகும் கருப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, அதே நீளத்துக்கு உள்ளே தெரிகிற ட்யூப் ஒன்றை மாட்டினார். ஸ்டார்ட் செய்து ரேஸ் பண்ணச் சொன்னார். மஞ்சளான டீசலுக்குள் கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசை கட்டி ஓடின. ரேஸ் ஏற ஏற கடுகு பட்டாணியானது.

"காத்து எடுக்குது."

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஃபில்டருக்கு அப்புறம் இருக்கும் இன்ஜெக்ஷன் பம்ப் டீசலை அழுத்தி, அந்த அழுத்தத்தில்தான் இன்ஜெக்டர் திறந்து பீச்சும். நடுவில் காற்று வந்தால் அது நசுங்கிக்கொள்ளும், அழுத்தம் எழும்பாது. அந்த சிலிண்டர் அந்த முறை பட்டினி. அதுதான் அந்த ஒரு நொடி மௌனம்.

சரி, காற்று எங்கிருந்து? ஒரு சின்ன கேனில் டீசல் ஊற்றி பானட் ஓரம் வைத்தார். டேங்கிலிருந்து வரும் ஹோஸை ஃபீடு பம்பிலிருந்து பிடுங்கிவிட்டு, பம்புக்கு நேராகக் கேனிலிருந்தே ஒரு ட்யூப் விட்டார். ஐந்து நிமிஷம் ஓடியதும் குமிழிகள் சுத்தமாக நின்றுவிட்டன. ஆக பம்ப் நிரபராதி, இன்ஜெக்டர் நிரபராதி. குற்றவாளி டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிறான்.

வண்டிக்கு அடியில் படுத்து விரலாலேயே தடவிக்கொண்டு போனார். சேஸிஸில் கிளிப் உரசும் இடத்தில் ஹோஸை வளைத்துக் காட்டினார். வளைத்தால்தான் தெரிந்தது, மயிரிழை அளவு வெடிப்பு. ஒரு சொட்டு ஒழுகல் கூட இல்லை. அது பம்ப் உறிஞ்சும் பக்கம். டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். டேங்க் நிறைய இருந்தால் டீசல் மட்டம் உயர்ந்து உறிஞ்சும் சிரமம் குறையும், காற்றும் குறைவாக நுழையும். கால் டேங்குக்கு வந்ததும் ஆட்டம் ஆரம்பம். மாமாவின் பங்க் ராசி அவ்வளவுதான்.

புது ஹோஸ், இரண்டு கிளிப், காப்பர் வாஷர். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற ஃபில்டர் மேல் இருந்த போல்ட்டைத் தளர்த்தி, கை பம்பை அடித்தார். முதலில் சோப்பு நுரை மாதிரி வந்தது, பிறகு நுரையில்லாத டீசல். போல்ட்டை இறுக்கினார். கூலியோடு அறுநூறு ரூபாய். பம்ப் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்த மாமா பேரமே பேசவில்லை. இது நடக்கிற காரியமில்லை.

அதற்கப்புறம் பயணம் சுகம். காவேரிப்பட்டணத்தில் டீ. பெயரில்தான் காவேரி, ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. "எங்க சின்ன வயசுல இதெல்லாம் சேலம் ஜில்லா" என்றார் மாமா. 1965ல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ரோட்டில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள். அந்த வாசனையில் மாமா பங்க் பேச்சையே விட்டுவிட்டார்.

மூட்டையை இறக்கிவிட்டு, சந்தூரில் நாற்பது ஒட்டுக்கன்று எடுத்தோம். பெரும்பாலும் மல்கோவா, எனக்காகப் பத்து இமாம்பசந்த். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும் என்று நர்சரிக்காரர் மூன்று தடவை சொன்னார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. தொப்பூர் இறக்கத்தில் சிலர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவார்கள், அங்கே நடக்கும் விபத்துகளுக்கு அதுவும் ஒரு காரணம். உண்மையில் கியரில் ஆக்சிலேட்டரை விட்டால் பம்ப் டீசலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரியும். மாமா மூன்றாவது கியரில், பிரேக்கை அதிகம் தொடாமல், கன்றுகள் சாயாமல் இறக்கினார்.

கீழே வந்ததும் முள்ளைப் பார்த்தேன். கால் டேங்குக்கும் கீழே. சேலம் நெருங்கும்போது ராசி பங்க் வெளிச்சம் தெரிந்தது.

"போடணுமா மாமா?"

"காலையில பாத்துக்கலாம் மாப்ளை" என்று நேராக ஓட்டினார்.