மங்கில் இருந்த குங்குமம்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். மணி ஆறரை. வெளியே இன்னும் இருட்டு. அந்த ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் பொழுது விடியுமாம்.

நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து 22 பேர் கிளம்பியிருந்தோம். முதலில் பினாங்கு போய்த் தண்ணீர்மலை முருகன், திரும்பும் வழியில் பத்துமலை என்று ஏற்பாடு. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே போய்வரலாம். ஆனால் புறப்படும் முன் இணையத்தில் வருகைப் பதிவு செய்திருக்க வேண்டும். எங்களை அழைத்துப் போனவர்கள் இரண்டு பெரியவர்களுக்கு அதைச் செய்ய மறந்துவிட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய அந்தத் தம்பதி, வரிசையிலிருந்து ஒதுக்கப்பட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கலங்கிப்போய் நின்றார்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்கிற காரியத்தில் இந்த அலட்சியம் கூடாது. நீங்கள் போவதாக இருந்தால் உங்கள் பதிவை நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் கந்தர் அநுபூதியை மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். ஒருவழியாக முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும், “வணக்கம் வாங்க, பசியாறிட்டீங்களா?” என்று ஒரு குரல். எங்கள் வழிகாட்டித் தம்பி. ‘சாப்பிட்டாச்சா’ என்பதை மலேசியத் தமிழர்கள் ‘பசியாறியாச்சா’ என்றும் கேட்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதிக் களைப்பு போய்விட்டது.

வடக்கே போகும் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள்தான், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக எழுந்து நின்றன. தம்பி ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துத் தயங்கினார். “பட்டியல்ல இல்லாத கோயில் ஒண்ணு இருக்கு. நான் பொறந்த தோட்டத்து மாரியம்மன். அரை மணி நேரம் போதும். எல்லாருக்கும் சம்மதம்னா வண்டிய திருப்பச் சொல்றேன்” என்றார். யார் வேண்டாம் என்பார்கள்?

அப்படித்தான் சுங்கை சிப்புட்டுக்குப் போனோம். சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த சின்ன நகரம். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது என்றார் தம்பி. மலேசியத் தமிழர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களிடமே பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். தோட்டம் கைமாறினால் வேலை மட்டும் போவதில்லை. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடு, பள்ளிக்கூடம், கோயில் எல்லாமே போய்விடும். இதைச் சொல்லும்போது தம்பியின் குரல் இறங்கிவிட்டது. அவர் பிறந்த லயமும் இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது.

கோயில் மட்டும் இருந்தது. தகரக் கூரை போட்ட மண்டபம், சின்னக் கோபுரம், வேப்பமரம், வெளியே அரிவாளோடு முனியாண்டி. தீமிதித் திருவிழாவுக்கு எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளெல்லாம் வருஷம் தவறாமல் திரும்பி வருகிறார்களாம்.

பூசாரி ஐயாவுக்கு எண்பது இருக்கும். பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். எங்களுக்காகவே நடையைச் சாத்தாமல் காத்திருந்தார். கர்ப்பூரம் காட்டிவிட்டுக் குங்குமத்தை நீட்டினார். அது இருந்த பாத்திரத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் கிண்ணம். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. வெளிப்பக்கம் பழுப்பாக ஒரு கோடு ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

“இதாம்மா மங்கு. மரத்துல வெட்டுக்குக் கீழ கட்டுவோம், பால் சொட்டு சொட்டா இதுல விழும். வெயில் ஏறிட்டா பால் நின்னுரும். அதனால இருட்டுலயே பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்குற எடத்துக்கு, போயி பேரு குடுத்துட்டு, ஆத்தாள கும்பிட்டுட்டுத்தான் வெட்டுக்குப் போறது. பாம்பு இருக்கும், பூரான் இருக்கும். அவதான் தொணை.”

கருவறையில் அம்மன் பாதத்துக்குக் கீழே கொஞ்சம் மண் இருக்கிறது என்றார். அவருடைய தாத்தா கப்பலேறும்போது துண்டில் முடிந்து கொண்டுவந்த பிடிமண். “எந்த ஊர் மண்ணுய்யா?” என்று கேட்டேன். “தஞ்சாவூர் ஜில்லாம்பாங்க. ஊர்ப் பேரு எங்கப்பாவோட போயிருச்சு.”

என் தாத்தாவின் தம்பி ஒருவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். பேராக்கில் ரப்பர் தோட்டம் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு கடிதம் வந்ததோடு சரி. ஐயாவிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். “எந்தத் தோட்டம்மா?” என்றார். தெரியவில்லை என்றேன். “தோட்டப் பேரு தெரியாம எங்கன்னு தேடுறது, தாயி” என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு ஊர்ப் பெயர் தெரியவில்லை, எனக்குத் தோட்டத்துப் பெயர் தெரியவில்லை. அம்மனுக்கு இரண்டும் தெரியும் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது.

பத்துமலையில் வைத்துக் கும்பிடலாம் என்று எங்கள் தெருமுனை மாரியம்மன் குங்குமத்தை ஒரு பொட்டலமாகக் கைப்பையில் வைத்திருந்தேன். எடுத்து ஐயாவிடம் கொடுத்தேன். பிரித்து, முகர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே மங்கில் கொட்டினார். எங்கள் ஊர்க் குங்குமம் கொஞ்சம் அடர்சிவப்பு. அங்கே இருந்தது சற்று வெளிறிய நிறம். பால்வெட்டிக் காய்ப்பேறிய விரலால் இரண்டையும் கலக்கினார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே போய் அம்மன் நெற்றியில் வைத்துவிட்டு வந்து, அதே விரலால் எனக்கு வைத்தார்.