சம்பளத்துக்கு மறுநாள், காலை ஐந்தரை மணி

நான்கு வருடமாக மாதம் ஒரு மடல் மெயிலில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஞாயிறு காலை நடக்கும் எங்கள் தமிழ் வகுப்புக்காக ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பாடம், பெற்றோருக்கு அந்த மாதத்து விரத நாட்கள், ஒரு சமையல் குறிப்பு, கோயில் பூசை நேரங்கள், அவ்வளவுதான். இப்போது 140 பேருக்குப் போகிறது. பீனிக்ஸ், டோங்காட், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா, சென்னையில்கூட ஒரு பதினைந்து பேர். இத்தனை நாளும் அதை எப்போது அனுப்புவது என்று யாரையும் கேட்டதில்லை. எனக்கு எழுதி முடிவது சனிக்கிழமை இரவு, அதனால் சனிக்கிழமை இரவே போய்விடும்.

போன புரட்டாசியில்தான் அது தப்பு என்று உறைத்தது. இங்கே புரட்டாசி பெரிய மாதம். கறி மீன் மாதம் முழுக்க நின்றுவிடும் வீடுகள் ஏராளம், தமிழில் நாலு வார்த்தை பேசத் தெரியாத குடும்பத்திலும் சனிக்கிழமை விரதம் தவறாது. செப்டம்பர் 17 வாக்கில் மாதம் பிறக்கிறது. படையலுக்கு என்னென்ன செய்யலாம் என்று பார்த்துப் பார்த்து எழுதி, முதல் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அனுப்பினேன். மறுநாள் பேத்தியை வகுப்பில் விட வந்த ஒரு ஆயா, பாட்டியை இங்கே ஆயா என்றுதான் சொல்வோம், என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, நல்லாத்தான் எழுதியிருக்கே, ஆனா படையல் முடிஞ்சு இலையை எடுத்தப்புறம் வந்துச்சே" என்றார். அன்று முழுக்க அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை.

அதுவரை நான் நம்பியிருந்தது மெயில் அனுப்பும் சேவை காட்டுகிற கணக்கை. எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று அழகாக வரைபடம் போட்டுக் காட்டும். சனி இரவு பத்தே காலுக்கெல்லாம் பாதிப் பேர் திறந்துவிட்டதாக அது சொன்னபோது, நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் அந்தக் கணக்கு எப்படி வருகிறது? மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை ஒளித்து வைப்பார்கள், அந்தப் படம் இறங்கினால் மடல் திறக்கப்பட்டதாக அர்த்தம். 2021 செப்டம்பரில் ஐபோனுக்கான ஐஓஎஸ் 15 மென்பொருள் வந்தபோது ஆப்பிள் ஒரு வசதி கொடுத்தது, அதை வைத்துக்கொண்டவர்களுக்கு ஐபோன் மெயில் செயலி படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடும், ஆள் படித்தாலும் படிக்காவிட்டாலும். ஆக, பத்தே காலுக்குத் திறந்தவற்றில் எது மனுசர், எது போன் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

சரி, கேட்டுவிடுவோம் என்று ஆட்களையே கேட்டேன். வகுப்பு வாசலில் கொஞ்சம் பேர், போனில் கொஞ்சம் பேர், மொத்தம் நாற்பது பேர் இருக்கும். கிழமையையும் மணியையும் சொல்வார்கள் என்று நினைத்துக் கேட்டேன், பாதிப் பேர் தேதியைச் சொன்னார்கள். "25-க்கு அப்புறம் அனுப்புங்கக்கா." இங்கே நிறையப் பேருக்கு 25-ஆம் தேதி சம்பளம். அந்த வாரக் கடைசியில்தான் மாதச் சாமான் வாங்கப் போவார்கள், விரதச் சமையலுக்கு வேண்டிய பருப்பும் வெல்லமும் அந்தப் பட்டியலிலேயே ஏறிவிட வேண்டும். 20-ஆம் தேதி வரும் சமையல் குறிப்பை அவர்கள் ஆசையாகப் படிப்பார்கள், செய்ய மாட்டார்கள். இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை என்று இன்னும் யோசிக்கிறேன், என் வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது.

மணியைப் பற்றி கேட்டால் இரவு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. காலை ஐந்தரை, ஆறு. டர்பன் ஊரே சீக்கிரம் எழுந்திருக்கும் ஊர், கோடையில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், ஷிப்டுக்குப் போகிறவர்கள் டாக்ஸியில் உட்கார்ந்ததும் போனை எடுப்பார்கள். ஒரு அண்ணன் சொன்ன காரணம் வேறு. 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சாயங்காலம் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவர் பேட்டரியும் தீர்ந்து சிக்னலும் போய்விடும், அதனால் காலையிலேயே வீட்டு வைஃபையில் மெயிலை இறக்கிக்கொண்டு போகிற பழக்கம் வந்துவிட்டதாம். 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டை நிறுத்தினார்கள், நடுவில் சில முறை திரும்ப வந்தது, பழக்கம் மட்டும் அவரிடம் அப்படியே நின்றுவிட்டது. அவர் கேட்டுக்கொண்ட இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது: "மேலும் படிக்க இங்கே அழுத்தவும்னு போடாதீங்க, முழுசா மெயில்லயே இருக்கட்டும்." டேட்டா விலை குறைந்திருக்கிறதுதான், முன்பு 149 ராண்டுக்கு விற்ற ஒரு ஜிபி 2020-இல் 99 ராண்டுக்கு வந்தது, ஆனாலும் அதுவும் காசுதானே.

முழுவதையும் மெயிலிலேயே வைப்பதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு, இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மடல் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அந்த இடத்தில் வெட்டிவிட்டு, மீதியைப் பார்க்க ஒரு சுட்டியைக் கொடுக்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடில் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், 'கூ' என்று எழுதினால் 'க'வும் ஊகாரக் குறியும் சேர்ந்து 6. அலங்கார வடிவமைப்புக்குப் போகிற இடம் தனி. ஆடி மாதச் சிறப்பு மடலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களைக் கடைசியில் போட்டிருந்தேன், சரியாக அதற்கு முன்னால் வெட்டு விழுந்தது. அப்போதிலிருந்து தேதியும் நேரமும் முதல் பத்தியிலேயே வருகின்றன, கதையெல்லாம் கீழே. தலைப்பு வரியையும் சுருக்கிவிட்டேன், நம் எழுத்து அகலம், போன் திரையில் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. "அன்பார்ந்த வாசகர்களுக்கு வணக்கம்" என்று தொடங்கினால் விஷயம் வருவதற்குள் வரி முடிந்துவிடுகிறது.

வாட்ஸப்பில் அனுப்பினால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் பெரியவர்களில் பலர் வேண்டாம் என்றார்கள், காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் ஒரு மணி நேரத்தில் அது புதைந்துவிடுமாம், மெயில் என்றால் அடுத்த வாரமும் தேடி எடுக்கலாம். ஒரே ஒரு விஷயத்துக்கு வாட்ஸப் வேண்டும்: பேசினால் புரியும், எழுத்து படிக்க வராது என்கிறவர்களுக்கு. நம் சமூகத்தில் அவர்கள் நிறையப் பேர், 1860-இல் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் இங்கே வந்து இத்தனை தலைமுறை ஆன பிறகு வேறெப்படி இருக்கும். அவர்களுக்காக மடலை நானே வாசித்து ஆறேழு நிமிடக் குரல் பதிவாக அனுப்ப ஆரம்பித்திருக்கிறேன், மனதார விரும்பிச் செய்கிற வேலை இப்போது அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வகுப்புப் பதிவேட்டில் இருந்த முகவரிகளை அப்படியே பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஒரு மாமா போன் போட்டு, "என்னைக் கேக்காம என் பேரை எப்படிம்மா சேர்த்தே?" என்றார். அவர் கேட்டது நியாயம். இந்த நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போபியா, 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் இருக்கிறது, எதற்காகக் கொடுத்த தகவலோ அதற்குத்தான் அதைப் பயன்படுத்தலாம் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. எல்லோரையும் மறுபடி ஒரு முறை கேட்டேன், பதில் சொல்லாதவர்களை எடுத்துவிட்டேன். விலகுவதற்கான பொத்தான் மடலின் உச்சியிலேயே இருக்கிறது, ஒரே தட்டில் முடிந்துவிடும். ஜிமெயிலும் யாஹூவும் 2024-இல் கொண்டுவந்த ஒரே தட்டு விதி, நாளுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்புகிறவர்களுக்கானது, 140 பேர் மடலை அது கட்டுப்படுத்தாது. இருந்தாலும் போக நினைக்கிறவரைத் தேட விடுவது மரியாதை இல்லை.

ஆக, இனி மடல் ஒவ்வொரு மாதமும் 26-ஆம் தேதி காலை ஐந்தரைக்கு வரும், சென்னைக்காரர்களுக்கு அது ஒன்பது மணி. புரட்டாசி மடல் ஆகஸ்ட் 26-இலேயே வந்துவிடும், மாதம் பிறக்க இரண்டு நாள் முன்னால் நாலு வரியில் ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேறெதுவும் அனுப்ப மாட்டேன். அந்த ஆயாவிடம் இதைச் சொன்னபோது, பேத்தி போனில் காட்டினாலும் எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை, காகிதத்தில் தா என்றார். பெரிய எழுத்தில் இரண்டு பக்கம் அச்சடித்து ஞாயிற்றுக்கிழமை கையில் கொடுத்தேன். போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன், ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் இருந்தது, கோயில் நேரத்துக்குக் கீழே சிவப்புப் பேனாவில் கோடு போட்டிருந்தார்.