ஆர்எச்சிஎஸ்ஏ பாஸ் – விர்ச்சுவல் மெஷினில் படித்த கதை

மெயில் வந்துவிட்டது, ஆர்எச்சிஎஸ்ஏ (ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் அட்மின் செய்முறைத் தேர்வு) பாஸ்! 300க்கு 210 தேவை; தாராளமாகவே தாண்டியிருக்கிறேன். மனசு லேசான இந்தச் சூட்டிலேயே எழுதிவிடுகிறேன், லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

என்னிடம் இருந்தது 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப். அதில் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் மென்பொருள்), உள்ளே ராக்கி லினக்ஸ் 9 (ரெட் ஹேட் லினக்ஸை ஒத்த இலவச லினக்ஸ்). ஆளுக்கு 2 ஜிபி கொடுத்து இரண்டு மெஷின். ஆரம்பத்திலேயே சிக்கல் வரும் இடங்கள்:

- மெஷின் ஸ்டார்ட்டே ஆகவில்லையா? லேப்டாப்பின் பயாஸ் செட்டிங்கில் விடி-எக்ஸ் (இன்டெல் பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதி) ஆன் செய்யுங்கள். ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்று இருக்கும்.
- ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை தெரிந்தால் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது. அதை அணைத்தால்தான் வேகம் வரும்.
- நெட்வொர்க் செட்டிங்கில் வெறும் நாட் (NAT) வைத்தால் இரண்டு மெஷினும் ஒன்றையொன்று பார்க்காது. ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் (லேப்டாப்புக்கும் மெஷின்களுக்கும் இடையே மட்டுமான நெட்வொர்க்) ஒன்றைக் கூடுதலாகச் சேருங்கள்.
- டெஸ்க்டாப் வேண்டாம், மினிமல் இன்ஸ்டால் போதும். கறுப்புத் திரை பழகட்டும்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மார்க் வாங்கித் தந்தது. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் ரீபூட் செய்யுங்கள். ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கிற வேலைக்குத்தான் மார்க். சர்வீஸை ஸ்டார்ட் செய்துவிட்டு எனேபிள் (பூட் ஆகும்போது தானாகத் தொடங்கும்படி) செய்யாமல் விட்டால் போச்சு. ஃபயர்வாலில் பெர்மனென்ட் போடாவிட்டாலும் அதே கதிதான்.

எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் கோப்பு) யுயுஐடி (டிஸ்க்கின் அடையாள எண்) ஒரு எழுத்து பிசகினாலும் மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். அதை வேண்டுமென்றே செய்து பாருங்கள். ஸ்னாப்ஷாட் (திரும்பி வர வசதியாக மெஷினின் அப்போதைய நிலையைச் சேமிப்பது) எடுத்துக்கொண்டு யுயுஐடியைக் கெடுங்கள், ரீபூட் செய்யுங்கள். ரூட் (அட்மின்) பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், அந்த வரியைத் திருத்தி, மறுபடி பூட் செய்யுங்கள். இது கைக்கு வந்துவிட்டால் தேர்வு அறையில் அந்தத் திரையைப் பார்த்தாலும் பதற்றம் வராது. பாதி தேர்வு அந்தப் பதற்றமில்லாமைதான் என்பேன்.

ரூட் பாஸ்வேர்டு ரீசெட்டும் இப்படித்தான். கிரப் (பூட் லோடர்) மெனுவில் இ அழுத்தி, லினக்ஸ் வரியின் கடைசியில் ஆர்டி.பிரேக் (பூட்டைப் பாதியில் நிறுத்தும் சொல்) சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆட்டோரீலேபல் கோப்பை (ஃபைல்களின் பாதுகாப்பு லேபிள்களை மறுபடி போடச் சொல்வது) உருவாக்காமல் வந்தால், எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பு) காரணமாகப் புது பாஸ்வேர்டு சரியாக இருந்தும் லாகின் ஆகாது. அந்த ரீலேபல் ஓட நேரம் பிடிக்கும்; ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்துப் பவரை நிறுத்தாதீர்கள்.

எல்விஎம்முக்கு (டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்பப் பிரித்து வளர்க்கும் முறை) மெஷினில் இரண்டாவது டிஸ்க் ஒன்று சேர்த்து, பிரித்து, வளர்த்து, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, மறுபடி செய்யுங்கள். நான் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து படிக்கிற ஆள். வீடியோ கோர்ஸ் எனக்கு ஒத்துவரவில்லை. தேர்வில் இணையம் கிடையாது, மேன் பேஜ் (லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் கமாண்டு கையேடு) உண்டு. அதனால் வீட்டிலும் கூகுளை மூடிவைத்துவிட்டு மேன் பேஜில் தேடிப் பழகுங்கள்.

3 மணி நேரத்தில் கடைசி 20 நிமிடம் ரீபூட்டுக்கும் சரிபார்ப்புக்கும். அந்த நேரத்தில் புதுக் கேள்வியைத் தொடாதீர்கள். என்ன கேட்டார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வு எழுதினேன்.