மீனுக்குக் கழுத்து கிடையாது

மீன் தலையை வெட்டும்போது கத்தி எங்கே தடுக்கும் என்பது டர்பனில் குழம்பு வைக்கிற எல்லோருக்கும் தெரியும். செவுள் மூடிக்குப் பின்னால் அரிவாள் போல் வளைந்து, மார்புத் துடுப்பைத் தாங்கி நிற்கும் அந்தக் கெட்டி எலும்பின் பெயர் கிளைத்ரம். மீனின் தோள் அதுதான். மேலே உள்ள சிறு எலும்புகள் அதை மண்டையோட்டோடு பூட்டிவிடுகின்றன. அதனால் மீனால் தலையை மட்டும் திருப்ப முடியாது. தலைக்கறி வாங்கினால் துடுப்பும் ஒட்டிக்கொண்டு வருவதற்கு இதுவே காரணம்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் மக்காண்டா அருகே வாட்டர்லூ ஃபார்ம் என்ற சாலைச் சரிவில் கிடைத்த டூட்டூசியஸ் என்ற ஆதி நாலுகாலிக்கு (மீன் வழியில் வந்த, நாலு கால் கொண்ட முதுகெலும்பிக்கு) சான்று இதே எலும்புதான், அதுவும் ஒன்றே ஒன்று. 1999-இல் சாலை வேலை நடந்தபோது புதைபடிவ ஆய்வாளர் ராபர்ட் கெஸ் அங்கிருந்து ஷேல் என்ற, அடுக்கடுக்கான கருப்புக் களிமண் பாறையை டன் கணக்கில் காப்பாற்றி எடுத்து வந்தார். டூட்டூசியஸையும் அங்கேயே கிடைத்த உம்சான்சியா என்ற இன்னொரு நாலுகாலியையும் அவரும் சக ஆய்வாளர் பெர் ஆல்பெர்கும் 2018-இல் விவரித்தார்கள். வயது சுமார் 36 கோடி ஆண்டுகள். அன்று அந்த இடம் தென்துருவ வட்டத்துக்குள் இருந்தது. நாலுகாலிகள் வெப்ப மண்டலத்தில்தான் தோன்றின என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

ஷேல் பாறையில் வேலை செய்யும்போது கை அவசரப்படக் கூடாது. கட்டியைப் படுக்கை வசத்தில் வைத்து, மெல்லிய கத்தி முனையை அடுக்கின் விளிம்பில் செருகி, நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தினால் அடுக்கு குறுக்கே உடைந்து, எலும்பு இரண்டாகும். பிளந்த இரு பக்கத்துக்கும் அப்போதே ஒரே எண்ணை எழுதிவிட வேண்டும். எலும்பில் பாதி ஒரு பக்கமும் அதன் அச்சு மறுபக்கமும் இருக்கும்; ஜோடி பிரிந்தால் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. ஈரக் கல்லை வெயிலில் காயவைத்தால் அப்பளம் போல் உதிரும். நிழலில், காகிதத்தில் சுற்றி, மெல்லக் காயவிட வேண்டும். சுண்ணாம்புக் கல்லுக்கு உதவும் அசிட்டிக் அமிலம் இங்கே வேலைக்காகாது. கரைக்கச் சுண்ணாம்பு இருந்தால்தானே! விளக்கைத் தாழ்த்திச் சாய்வாகப் பிடித்தால் தட்டையாக நசுங்கிய எலும்பின் விளிம்பு நிழலாக எழும்பும். நேர் வெளிச்சத்தில் அது வெறும் வெள்ளிப் பூச்சு.

“கால் எங்கேண்ணா?” என்பதுதான் பார்க்க வரும் பிள்ளைகளின் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. டூட்டூசியஸ் படங்களில் வரும் விரல்கள் உறவினர்களைப் பார்த்து வரைந்தவை. கிரீன்லாந்தின் அகாந்தோஸ்டெகாவுக்குக் கையில் 8 விரல். இக்தியோஸ்டெகாவுக்குப் பின்னங்காலில் 7. ஐந்து என்ற கணக்கு பிறகுதான் நிலைத்தது. கனடாவின் வடக்கே 2004-இல் கிடைத்த, இவற்றுக்கும் மூத்த மீனான டிக்டாலிக்குக்கோ துடுப்புக் கதிர்கள் அப்படியே இருக்க, தலை மட்டும் தோளிலிருந்து விடுபட்டிருந்தது. விரல் வருவதற்கு முன்பே கழுத்து வந்துவிட்டது.