சமரசம் ஆகிவிட்டது என்று கேள்வியில் இருந்தாலும் 23(ஏ)-வை விடாதீர்கள்

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. ஒப்பீட்டு சிவில் நடைமுறைத் தாளில் பாஸ். போன வருடம் இதே தாளில் விழுந்தேன், அதுவும் ஒரே கேள்வியால். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன். அது குழு வழக்கு பற்றியது, அதாவது ஒரே குறையுள்ள பலருக்காகச் சிலர் நடத்தும் வழக்கு. அமெரிக்கக் கூட்டரசு சிவில் நடைமுறை விதி 23-இல், (ஏ) என்பது அந்தக் குழுவுக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பது, (இ) என்பது சமரசத்தை நீதிமன்றம் ஏற்கலாமா என்று பார்ப்பது.

கேள்வி இதுதான்: இரு தரப்பும் சமரசம் பேசி முடித்துவிட்டார்கள், குழுவுக்கு இன்னும் சான்றளிப்பு (குழுவாக வழக்கு நடத்த நீதிமன்றம் தரும் அனுமதி) ஆகவில்லை. அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றம் எதைப் பார்க்கும்? நான் நேராக 23(இ)-க்குத் தாவி, தொகை நியாயமா, போதுமா என்று மூன்று பக்கம் எழுதினேன். குழுவின் தகுதியைத் தொடவே இல்லை.

அப்புறம் ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. வக்கீலாக இருக்கும் பெரியம்மா மகள் பில்லைத் திருப்பி இரண்டு வட்டம் போட்டார். "தம்பி, ரெண்டு பக்கத்து வக்கீலுக்கும் இப்போ கேஸ் முடிஞ்சா போதும். கோர்ட்டுக்கே வராத ஆயிரம் பேருக்கு யார் பேசுவா?" வட்டங்களுக்கு வெளியே பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்தார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆம்கெம் வழக்கும் (1997) இதேதான். ஆஸ்பெஸ்டாஸால் ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு உடனே பணம் வேண்டும். தூசியைச் சுவாசித்தும் இன்னும் நோய் வராதவர்களுக்கு, பின்னாளில் விலைவாசிக்கு ஈடுகொடுக்கும் நிதி வேண்டும். இருவரையும் ஒரே குழுவாக்கியதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சமரசம் என்றால், விசாரணையை நடத்திச் சமாளிக்க முடியுமா என்ற கேள்வியை மட்டும் விடலாம். மற்ற நிபந்தனைகளை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மற்றவை:

- வால்மார்ட் வழக்கு (2011): கேள்வி பொதுவாக இருந்தால் போதாது, ஒரே பதில் எல்லோருடைய வழக்கையும் நகர்த்த வேண்டும்.
- 23(இ)-யின் 2018 திருத்தம், சமரசத்தில் பார்க்க வேண்டிய நான்கு: பிரதிநிதித்துவம், நேர்மையான பேரம், போதிய நிவாரணம், உறுப்பினர்களிடையே சமநீதி. வக்கீல் கட்டணம் மூன்றாவதில் வரும்.
- நம் நாடு (மலேசியா): 2012 நீதிமன்ற விதிகள், ஆணை 15 விதி 12. தனிச் சான்றளிப்புக் கட்டம் கிடையாது. பால்ம்கோ வழக்கின் மூன்று சோதனைகள் போதும்: குழுவில் எல்லோருக்கும் பொதுவான நலன், பொதுவான குறை, எல்லோருக்கும் பயன்தரும் பரிகாரம்.

கூட்டமாக உட்கார்ந்து படிக்காதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தனியாக, கையால் எழுதிப் படியுங்கள். பரீட்சையில் எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, கேள்வியில் உள்ள ஆட்களை யாருக்கு என்ன வேண்டும் என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நான் முதலில் செய்தது அதுதான்.