ஏரியை இடம் வருதல்

கோயிலைச் சுற்றும்போது சன்னதி நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். பெங்களூரின் ஜாலஹள்ளியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் ஹெசரகட்டா ஏரியைச் சைக்கிளில் சுற்றத் தொடங்கியபோது, யோசிக்காமலேயே நானும் வலமாகத்தான் சுற்றினேன். சிக்கபாணவாரா வழியாக ஹெசரகட்டா, அங்கிருந்து வடக்கே மதுரே, கிழக்கே காக்கோளு, ராஜானுகுண்டே, பிறகு தெற்கே எலஹங்கா, வீடு. (இந்த மதுரே நம் மதுரை அன்று, தொட்டபள்ளாபுரத்திலிருந்து நெலமங்கலா போகும் சாலையிலுள்ள சிற்றூர்.) குறுக்குச் சாலைகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அறுபதிலிருந்து எழுபது கிலோமீட்டர் வரும்.

இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டில் வலமாகச் சுற்றினால், ஒவ்வொரு பெரிய திருப்பத்திலும் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும். ராஜானுகுண்டேயில் தொட்டபள்ளாபுரம் சாலையில் ஏறுவதற்காக, தொழிற்பேட்டை லாரிகள் விடும் இடைவெளிக்குக் காத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி பல நிமிடங்கள் நின்ற ஒரு காலையில்தான் எனக்குப் புத்தி வந்தது. அடுத்த வாரமே திசையை மாற்றினேன். முதலில் எலஹங்கா, ரயில் சக்கரத் தொழிற்சாலையைக் கடந்து ராஜானுகுண்டே, அங்கே இடப்பக்கம் திரும்பி மேற்கே மதுரே, மீண்டும் இடப்பக்கம் திரும்பித் தெற்கே ஹெசரகட்டா, பிறகு வீடு. பெரிய திருப்பங்கள் எல்லாமே இடத் திருப்பங்கள். எதையும் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "தண்ணிய அப்பிரதட்சிணமா சுத்தக் கூடாதுப்பா" என்றார். லாரிகளைப் பற்றிச் சொன்ன பிறகு மறுபேச்சில்லை.

திருப்பங்களுக்காக மாற்றிய திசை காற்றுக்கும் ஏற்றதாக இருந்ததை ஓராண்டு ஓட்டிய பிறகுதான் கவனித்தேன். தமிழில் காற்றுக்கு நான்கு திசைக்கும் நான்கு பெயர்கள் உண்டு: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். சைக்கிள் ஓட்டுபவருக்கு இவை இலக்கியச் சொற்கள் அல்ல, தொடைத் தசைக்கு நேரடியாகத் தெரியும் பொருள்கள். பெங்களூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. அம்மியை நகர்த்தும் ஆடிக்காற்று இந்த மேட்டு நிலத்தில் மரங்கள் குறைந்த ராஜானுகுண்டே–மதுரே சாலையில் நேராக மார்பில் மோதுகிறது. ஆனால் இடமாகச் சுற்றும்போது அந்தப் பகுதி பயணத்தின் முதற்பாதியிலேயே, கால் புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஹெசரகட்டாவிலிருந்து தென்கிழக்காக வீடு திரும்புகையில் அதே காற்று முதுகைத் தள்ளுகிறது. மார்கழியில் காற்று வடகிழக்குப் பக்கம் மாறிவிடும். அப்போது எலஹங்காவைத் தாண்டியதும் வாடை முகத்தில் அடிக்கும். விரல்கள் மரத்து கியர் மாற்றுவதே சிரமமாகும். ராஜானுகுண்டேயில் மேற்கே திரும்பிவிட்டால் எதிர்ப்பு நின்றுவிடும், மதுரேயில் தெற்கே திரும்பியதும் காற்று துணைக்கு வரும். ஆக, இரு பருவங்களிலும் கடினமான பகுதி முதலில் வந்துவிடுகிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. வீடு திரும்பும் எட்டரை மணி அளவில், அதிலும் குளிர்காலத்தில், சூரியன் நேர் எதிரே நிற்கிறது. நம் கண் கூசுவது பெரிதல்ல. பின்னால் வரும் தண்ணீர் லாரி ஓட்டுநரின் கண்ணும் கூசுகிறது, அவருக்கு நாம் வெறும் நிழலாகத் தெரிவோம். ஆகையால் பட்டப்பகலிலும் பின்விளக்கை எரியவிட்டே ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் இந்தச் சுற்றைத் தவிர்ப்பது நல்லது. மதுரேயில் உள்ள சனி மகாத்மா கோயிலுக்கு அன்று வரும் கூட்டத்தில், சாலையின் இரு ஓரமும் கார்களாகிவிடும்.

டயரைப் பற்றி நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 23 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கல்லாக அடித்துக்கொண்டு போன காலத்தில், கிராமத்து வேகத்தடைகள் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் எண்ணப்பட்டன. வெள்ளை வண்ணம் அழிந்துபோன தடைகள் மர நிழலில் கண்ணுக்கே படுவதில்லை. 28 மில்லிமீட்டருக்கு மாறி அழுத்தத்தைக் குறைத்த பிறகு வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை, பஞ்சர் மட்டும் குறைந்திருக்கிறது.

இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசிப் பகுதிதான், அதற்குக் காரணம் பழைய குடிநீர்த் திட்டம். அர்க்காவதி ஆற்றின் குறுக்கே 1894-இல் இந்த ஏரி அமைந்தபோது மைசூர் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சேஷாத்ரி ஐயர். ஏரி நீர் செங்கல் கால்வாய் வழியே தானாகவே சோலதேவனஹள்ளி வரை இறங்கி வந்தது. அங்கிருந்து நகரம் மேட்டில் இருந்ததால், நீராவி எந்திரங்களைக் கொண்டு மல்லேஸ்வரம் பக்கம் ஏற்றினார்கள். சைக்கிளில் திரும்பும்போது இந்தப் பொறியியல் முழுவதும் காலுக்குப் புரிகிறது. ஹெசரகட்டாவிலிருந்து சோலதேவனஹள்ளி வரை, இடையில் சிறு மேடுகள் இருந்தாலும், மொத்தத்தில் வண்டி இலகுவாகவே உருள்கிறது. சிக்கபாணவாரா தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும், அதுவும் கால் தளர்ந்த நேரத்தில். நூறாண்டுகளுக்கு முன் நீராவி செய்த வேலையை அங்கிருந்து நான் செய்தாக வேண்டும். ஆடி மாதமாக இருந்தால் கோடைக்காற்று கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்ளும்.

ஏரியைச் சுற்றுவதாகச் சொல்கிறேனே தவிர, எழுபது கிலோமீட்டரில் ஏரி கண்ணில் படுவது மிகக் குறைவு. சாலைகள் கரையை ஒட்டிப் போவதில்லை. பார்க்க வேண்டுமென்றால் ஹெசரகட்டாவில் இறங்கிக் கரை வரை போக வேண்டும். போனாலும் பல ஆண்டுகள் அங்கே புல்லும் வெடித்த மண்ணும்தான் இருந்தன. மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில் யூகலிப்டஸ் தோப்புகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகி, நிலத்தடி நீர் இறங்கி, ஓடைகள் வறண்டு போனதால், நகருக்கே குடிக்கத் தந்த ஏரி தன் படுகையையே நனைக்க முடியாமல் கிடந்தது. 2022-இல் பெருமழை பெய்த பிறகு கரையில் நின்று பார்த்தபோது, தண்ணீருக்கு இவ்வளவு அகலம் உண்டா என்று இருந்தது.

வறண்ட ஆண்டுகளில் நானும் சைக்கிளை ஏரிப் படுகையிலும் அதை ஒட்டிய புல்வெளியிலும் இறக்கி ஓட்டியிருக்கிறேன். இப்போது அதைச் செய்வதில்லை, பிறரையும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வானம்பாடியும் ஆள்காட்டியும் தரையிலேயே முட்டையிடுகின்றன. மண் நிறத்து முட்டை, சைக்கிளில் போகிறவன் கண்ணுக்கு உருளைக்கல்லாகவே தெரியும். குளிர்காலத்தில் வெகுதொலைவிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் இந்தப் புல்வெளிமீது தாழப் பறந்து இரை தேடுவதைச் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட இந்தப் பரப்பைக் காப்பகமாக அறிவிக்கும் திட்டத்துக்கு 2021-இல் மறுப்புத் தெரிவித்த மாநில வனவிலங்கு வாரியம், 2024-இல் ஒப்புதல் தந்தது. 'வெறும் புறம்போக்கு' என்று நம்மவர்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் இடம் அது.

காலைச் சாப்பாட்டுக்கு ஹெசரகட்டா ஊருக்குள் நிறுத்தித் தட்டு இட்லி சாப்பிடுவது வழக்கம். இரண்டுக்கு மேல் சாப்பிட்டால் சிக்கபாணவாரா ஏற்றத்தில் தெரியும். வீட்டுக்கு வந்ததும், தொழிற்சாலை வேலைக்காக இந்த ஊருக்கு வந்து ஓய்வும் பெற்றுவிட்ட அப்பா, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "ஏரியில தண்ணி இருக்கா?" என்றுதான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே இப்போதெல்லாம், நேரமானாலும், இட்லிக்கு முன் கரை வரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.