ஏழு ஸ்கிரீன்ஷாட்

என்னோடு சேர்ந்து ஜெபித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்று எழுதப்போவதில்லை, எழுதினால் மறுபடியும் வழக்கு நடத்த உட்கார்ந்துவிடுவேன். அந்த மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து தனி ஃபோல்டரில் பத்திரப்படுத்தியிருந்தேன், மொத்தம் ஏழு, என்றைக்காவது தேவைப்படும் என்று. எவரும் கேட்கவில்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் நான்தான் அதைத் திறந்து திறந்து படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில் தினமும், இயேசு சொல்லிக்கொடுத்த கர்த்தருடைய ஜெபமும் சொல்வேன். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரி, சின்ன வயது மனப்பாடம் என்பதால், வாய் பாட்டுக்கு ஓடிவிடும். ஒருநாள் அந்த 'போல' வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. நான் மன்னிக்கிற லட்சணத்திலேயே எனக்கும் மன்னியும் என்றா கேட்டுக்கொண்டிருக்கிறேன்? ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்த கையோடு இயேசு திரும்ப எடுத்து விளக்குவதும் இந்த ஒரு வரியைத்தான், பைபிளில் மத்தேயு 6:14, 15.

அப்புறம் மத்தேயு 18-ஐ எடுத்தேன். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமா என்று இயேசுவிடம் சீடர் பேதுரு கேட்கிறார் (என் ஸ்கிரீன்ஷாட்டும் ஏழு, எழுதும்போதுதான் கவனிக்கிறேன்). பதிலாக வருகிற கதையில் ஒருவனுக்கு 10,000 தாலந்து கடன் தள்ளுபடியாகிறது, அவனோ வெளியே போய் 100 வெள்ளிப்பணத்துக்காக இன்னொருவன் தொண்டையை நெரிக்கிறான். வெள்ளிப்பணம் என்பது அன்றைக்கு ஒரு நாள் கூலி, தாலந்து ஒன்றுக்குச் சுமார் 6,000 வெள்ளிப்பணம் என்று போட்டால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி, வம்சமே உழைத்தாலும் தீராது. ஆனால் அந்த 100-ம் சில்லறை இல்லை, மூன்று மாதத்துக்கு மேலான உழைப்பு. அவன் கேட்டது நிஜமாகவே அவனுக்கு வரவேண்டிய பணம். இதைத்தான் பல பிரசங்கங்கள் தாவிவிடுகின்றன, அடிபட்டவரிடமே வந்து 'கிறிஸ்தவங்கதானே, விட்டுடுங்க' என்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விட்டுவிடுவது என்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பதும் இல்லை. போப் இரண்டாம் ஜான் பால் 1981 மே 13 அன்று சுடப்பட்டார், நாலே நாளில் சுட்டவனை மன்னித்ததாகச் சொன்னார், 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். ஆனாலும் அவன் 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தான். நானும் என்னைப் பற்றிப் பேசியவரிடம் இனி என் ரகசியம் எதையும் சொல்லப்போவதில்லை, அது வேறு கணக்கு. அவர் எனக்குப் பட்டிருக்கும் கடனை வசூலிக்க அலைவதைத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

சரி, போன செவ்வாய்க்கிழமை ஏழையும் அழித்தேன். என் போன் எதையும் உடனே அழிப்பதில்லை, 30 நாள் குப்பைத்தொட்டியில் போட்டு வைக்கிறது. மூன்றாம் நாளே போய்த் திறந்தேன். முதல் படத்தில் இரண்டு வரிகூடத் தாண்டவில்லை, காது மடல் வரை சூடேறிவிட்டது. மூடிவிட்டு, அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தேன், பெயருக்கு மேல் வார்த்தை வரவில்லை. இன்னும் 27 நாள் இருக்கிறது.